இரண்டு மொழி என்றால் ஒன்று ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டுமா?

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 2 முதல் 6 வரை இன்டர்ஸ்பீச் மாநாடு ஐதராபாத்தில் நடைபெற்றது. பேச்சுத் தொழில்நுட்பத் துறையினர் ஆண்டுதோறும் கூடும் அம்மாநாடு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. வளரும் சந்தைகளில் உள்ள பன்மொழிச் சமூகங்களுக்கான பேச்சு ஆராய்ச்சி என்பது அவ்வாண்டின் மையப்பொருள். மாநாடு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னர், ஆகஸ்ட் 30 அன்று, தன் குரல் உதவியாளர் இனி இரண்டு மொழிகளில் பேச்சைக் கேட்டுப் பதிலளிக்கும் என்று கூகுள் நிறுவனம் அறிவித்தது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஆறில் பயனர் எந்த இரண்டையும் தேர்ந்துகொள்ளலாம். அந்த ஆறில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

பட்டியல் சிறியது என்பதன்று இங்குள்ள குறை. பட்டியல்கள் பின்னர் நீண்டுவிட்டன. இன்று தமிழும் தெலுங்கும் பல கருவிகளில் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அறிவிப்பின்படி இத்தாலியனும் ஜெர்மனும் பேசும் ஒரு குடும்பம் ஆங்கிலத்தைத் தொடாமலேயே இருமொழிக் குடும்பமாக வாழ முடிந்தது. ஓராண்டு கழித்து, 2019 அக்டோபரில், அமேசான் தன் அலெக்ஸாவுக்குப் பன்மொழி முறையை அறிமுகம் செய்தது. அமெரிக்காவுக்கு ஆங்கிலமும் ஸ்பானிஷும், கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும், இந்தியாவுக்கு ஆங்கிலமும் இந்தியும் வழங்கப்பட்டன. 2024இல் ஆப்பிள் நிறுவனம் தன் சிரியில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளைக் கலந்து பேச வழிசெய்தது. எதனுடன் கலக்கலாம்? இந்திய ஆங்கிலத்துடன். ஒன்பது மொழிகளுள் ஒன்றை மற்றொன்றோடு இணைப்பது அத்திட்டத்தில் இல்லை. உருது அந்த ஒன்பதில் இடம்பெறவே இல்லை.

ஆக, இந்தியருக்கு வழங்கப்பட்ட இருமொழியில் ஒரு நாற்காலி முன்பே நிரப்பப்பட்டிருக்கிறது. மற்றொரு நாற்காலிக்குத்தான் இந்திய மொழிகள் வரிசையில் நிற்கின்றன. இதைப் பன்மொழித் தொழில்நுட்பம் என்று கொண்டாடும் ஆய்வுத்துறை, அச்சொல்லின் பொருளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாநாடு கூடிய நகரத்தையே சான்றாகக் கொள்ளலாம். ஐதராபாத் மாவட்டத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோரும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளனர் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2017 நவம்பரில் தெலங்கானா சட்டமன்றம் உருதுவை மாநிலம் முழுமைக்கும் இரண்டாம் ஆட்சிமொழியாக்கியது. இவ்விரு மொழியினரும் தனித்தனித் தீவுகளில் வாழ்பவர் அல்லர். 2018இல் அரசு நகரின் ஏழை மக்களுக்காகத் தொடங்கிய சிறு மருத்துவமனைகளின் பெயர் ‘பஸ்தி தவாகானா’. தெலுங்கு பேசும் தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவாகானாவுக்குத்தான் செல்கிறாள். அச்சொல் தெலுங்கா, உருதுவா என்று அவள் கேட்பதில்லை. கருவிதான் கேட்கிறது.

‘ஜர டைம் படுததி’ என்று ஒருவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோர் யாரும் ஐதராபாத்தில் வியப்படையமாட்டார்கள். சற்று நேரம் ஆகும் என்பது அதன் பொருள். மூன்றே சொற்கள். முதற்சொல் உருது, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது தெலங்கானா மக்களின் தெலுங்கு. பேசியவர் மொழி தாவவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரே வாக்கியம், ஒரே பேச்சு. அந்நகரின் உருதுவும் இலக்கண நூல்களின் உருது அன்று. தக்கினி எனப்படும் அவ்வழக்கில் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. அது மராத்தியோடு பகிர்ந்துகொண்ட சொல். ‘பர்சோ’ என்ற சொல் பொது உருதுவில் முந்தாநாளையும் நாளை மறுநாளையும் குறிக்கும். ஐதராபாத்தியர் வாயில் அது சென்ற வாரத்தையும் சில வேளை சென்ற ஆண்டையும் குறிக்கும். நாள் குறித்து நினைவூட்டும் கருவி இவ்வழக்கை அறியாமல் அந்த நகரில் எதை நினைவூட்டும்?

இனி, கருவி உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கூகுள் 2018இல் விளக்கிய முறை எளிமையானது. பயனர் பேசத் தொடங்கியதும் இரண்டு மொழிகளுக்கான இரண்டு பேச்சறிவான்களும் ஒருசேர இயங்கும். மொழியை அடையாளம் காணும் மூன்றாவது உறுப்பு ஒன்று பக்கத்தில் இருந்து, ஒலித்தது எந்த மொழி என மதிப்பிடும். முடிவில் இரண்டு எழுத்துருக்களில் ஒன்று ஏற்கப்படும், மற்றது கைவிடப்படும். காலையில் இத்தாலியனிலும் மாலையில் ஜெர்மனிலும் கேள்வி கேட்பவருக்கு இது நன்கு பயன்படும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுபவருக்கு இதில் இடமில்லை. ஒவ்வொரு கூற்றும் ஏதேனும் ஒரு மொழிக்குரியது என்னும் நம்பிக்கை அக்கட்டமைப்பின் அடித்தளம்.

அந்த நம்பிக்கை பின்வந்த பெரிய மாதிரிகளிலும் தொடர்ந்தது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது. அதில் 1,17,000 மணி நேரம் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கு உரியது. அம்மாதிரி ஒலியை 30 நொடித் துண்டுகளாக வாங்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு மொழிச் சீட்டை ஒட்டிய பிறகே எழுதத் தொடங்கும். ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு. ஐதராபாத்தின் ஒரு தேநீர்க் கடையில் 30 நொடி நிகழும் பேச்சுக்கு எந்தச் சீட்டை ஒட்டுவது?

இது ஐதராபாத்தின் தனித்த விந்தை என்று தமிழ்நாட்டார் கடந்துபோக முடியாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அதே தக்கினி தமிழோடு சேர்ந்து புழங்குகிறது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் விலை பேசுகின்றன. மதுரையில் சௌராட்டிரரும், கோவில்பட்டிக் கரிசலில் தெலுங்கு பேசும் குடும்பங்களும், பாலக்காட்டுத் தமிழரும், மலையக நகரங்களில் சிங்களமும் தமிழும் மாறி மாறிப் பேசும் தொழிலாளரும் ஆங்கிலம் இல்லாத இருமொழியாளர்களே. இந்தியாவில் 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என 2011 கணக்கெடுப்பு கூறுகிறது. அதே கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு மேல் இரண்டாவது மொழியும் தெரியும் என்றவர்கள் ஏறத்தாழ 26 விழுக்காடு, மூன்றாவதும் தெரியும் என்றவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. நிறுவனங்களும் அரசுத் திட்டங்களும் முதல் வகை எண்ணையே விளம்பரப்படுத்துகின்றன. இத்தனை மொழிகளைச் சேர்த்தோம் என்கின்றன. மொழிகளின் எண்ணிக்கை வளர்கிறது, மொழிகளுக்கு இடையே வாழும் மனிதர்கள் கணக்கில் வருவதில்லை.

தமிழுக்குள்ளேயே இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் மொழி அது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதுபவர் எவரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. கூகுளின் மேகக் கணிமைச் சேவை தமிழை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்காகப் பட்டியலிடுகிறது. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால் அப்பிரிவு கடவுச்சீட்டைப் பார்த்துப் பிரித்தது. நெல்லைக்கும் கோவைக்கும் வடசென்னைக்கும் இடையிலுள்ள வேறுபாடும், யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடும் அதில் தெரிவதில்லை. தெலுங்குக்கும் இதே கதைதான். பேச்சு வழக்கை எழுத்தில் ஏற்க வேண்டும் எனப் போராடிய கிடுகு ராமமூர்த்தியின் பிறந்த நாளான ஆகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாள். தங்கள் வழக்கு பாடநூலிலும் திரையிலும் ஏளனத்துக்குள்ளானது என்ற மனக்குறை தெலங்கானா இயக்கத்தின் உரங்களுள் ஒன்று. காளோஜி நாராயணராவின் பிறந்த நாளான செப்டம்பர் 9 இன்று தெலங்கானா மொழி நாள். ஒரு மாநிலம் பிறப்பதற்குக் காரணங்களுள் ஒன்றாக நின்ற வேறுபாட்டை, தெலுங்கு என்ற ஒற்றைச் சீட்டு மீண்டும் மூடிவிடுகிறது.

இது வெறும் மொழியுணர்ச்சி தொடர்பானது அன்று என்பதற்குப் பணமே சாட்சி. குரலால் பணம் அனுப்பும் ‘ஹலோ யுபிஐ’ வசதி 2023 செப்டம்பரில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கப்பட்டது. பிற மொழிகள் பின்னர் வரும் என்று சொல்லப்பட்டது. பின்னர் வரும் மொழிகள் எந்த வடிவில் வரும் என்பதே கேள்வி. தமிழ் பேசுவோரில் பெரும்பாலோர் கைப்பேசி எண்ணை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள், கடையில் காய்கறி விலையைத் தமிழில் சொல்கிறார்கள். ஐதராபாத்தில் 150ஐ ‘டேட் ஸௌ’ என்றும் 250ஐ ‘டாயி ஸௌ’ என்றும் சொல்வது இயல்பு. ஒன்றரை நூறு, இரண்டரை நூறு என எண்ணும் முறை அது. தெலுங்கு வாக்கியத்தின் நடுவே அத்தொகை வரும்போது, தெலுங்கு மட்டும் அறிந்த கருவி எதைக் கேட்கும்? கவிதையில் ஒரு சொல் தவறினால் நயம் கெடும். இங்கே தவறினால் கூலி கெடும்.

குரல் உதவியாளரை யாருக்காக உருவாக்குகிறோம் என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக என்பதே ஆய்வுத் திட்டங்களின் முன்னுரையில் காணப்படும் வழக்கமான விடை. தெலங்கானாவின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 66.5 விழுக்காடு. எஞ்சிய மூன்றிலொரு பங்கினர் பள்ளி வழக்கைக் கற்றவர் அல்லர். அவர்களிடம் பள்ளி வழக்கில் பேசு, ஒரு நேரத்தில் ஒரு மொழியை மட்டும் பேசு என நிபந்தனை விதிக்கும் கருவி, எழுத்தறிவுத் தேர்வை வாய்மொழித் தேர்வாக மாற்றி நடத்துகிறது. தேர்வு அப்படியேதான் இருக்கிறது.

இந்நிலைக்கு நிறுவனங்களை மட்டும் குறைசொல்வது ஆய்வாளருக்கு வசதியானது. கருவிகளின் தரத்தை அளக்கும் கோலைச் செய்து கொடுத்தது ஆய்வுலகம். சொற்பிழை விகிதம் எனப்படும் அளவையைப் பார்க்கலாம். ‘பஸ் ஸ்டாண்ட் எங்கே’ என்று ஒருவர் கேட்கிறார். மூலப்படியில் முதல் இரண்டு சொற்கள் உரோமன் எழுத்தில் உள்ளன. கருவி மூன்றையும் தமிழ் எழுத்தில் சரியாகவே எழுதுகிறது. அளவுகோல் மூன்றில் இரண்டு பிழை என்கிறது, அதாவது 66 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு சொல்லும் தவறாகக் கேட்கப்படவில்லை. எழுத்தை ஒன்றாக்கிய பிறகு பிழை எண்ணும் மாற்று அளவைகள் 2018 முதலே முன்மொழியப்பட்டுள்ளன. 2021இல் இன்டர்ஸ்பீச்சோடு நடந்த இந்திய மொழிப் போட்டியில் இந்தி–ஆங்கிலம், வங்காளம்–ஆங்கிலம் கலந்த பேச்சும் இடம்பெற்றது. நல்ல தொடக்கங்கள். ஆனால் அங்கும் இரண்டு இணையிலும் ஒரு பக்கம் ஆங்கிலமே.

தரவின் நிலையும் அத்தகையது. 2018 மாநாட்டையொட்டி மைக்ரோசாஃப்ட் நடத்திய போட்டிக்குத் தெலுங்கு, தமிழ், குஜராத்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 40 மணி நேரப் பயிற்சிப் பேச்சு வழங்கப்பட்டது. ஆங்கிலத்துக்கு 2015இலேயே ஏறத்தாழ 1,000 மணி நேரம் கொண்ட திறந்த தொகுப்பு இருந்தது. தொகை மட்டுமன்றித் திரட்டும் முறையும் ஒரு தடை. ஒரு வாக்கியத்தைத் திரையில் காட்டி வாசிக்கச் சொல்லும் முறையில் கலப்புப் பேச்சு பிறப்பதற்கு வழியே இல்லை. வாசிப்பவர் வாசிப்பார், பேசமாட்டார். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பு இதைப் பெரிதும் மாற்றியது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரம். அதில் மிகப் பெரும் பகுதி மக்கள் தாமாகப் பேசியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றால் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று. எனினும் அப்பேச்சும் 22 பெட்டிகளில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே நிற்பவருக்கான பெட்டி இன்னும் செய்யப்படவில்லை.

மறுப்புகள் எழும். முதல் மறுப்பு தூய்மை விரும்பிகளுடையது. கலப்பைக் கற்ற கருவி மொழியைக் கெடுக்கும், தூய தமிழை மட்டும் ஏற்கும் கருவி மக்களைத் தூய தமிழுக்குப் பழக்கும் என்பர். நடைமுறை அதற்கு நேர்மாறானது. தன் இயல்பான பேச்சைக் கருவி இரண்டு முறை புரிந்துகொள்ளாவிட்டால், பேசுபவர் மூன்றாம் முறை நன்னூலைத் தேடிச் செல்வதில்லை. அமைப்புக்குச் சென்று மொழியை ஆங்கிலமாக மாற்றுகிறார். ஆங்கிலம் அறியாதவர் கருவியைக் கீழே வைத்துவிடுகிறார். தூய தமிழை மட்டும் கேட்கும் கருவிக்குத் தூய தமிழ் கிடைப்பதில்லை. அதற்கு ஆங்கிலம் கிடைக்கிறது, அல்லது மௌனம் கிடைக்கிறது. தமிழில் நல்ல கலைச்சொற்கள் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. கருவி அவற்றைப் பேசட்டும். மக்கள் பேசுவதைக் கேட்கவும் செய்யட்டும். வாய்க்கு ஒரு நெறி இருக்கலாம், காதுக்கு எல்லாம் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பொறியாளருடையது. பெரிய மாதிரிகள் கலப்புப் பேச்சைத் தாமாகவே கற்றுவிட்டன, 2024இல் கூகுளின் ஜெமினி லைவ் உருது உட்பட ஒன்பது இந்திய மொழிகளுக்கு வந்துவிட்டது, இனிச் சிக்கல் இல்லை என்பர். முன்னேற்றம் உண்மை. ஆனால் தெலுங்கு–உருதுக் கலப்புக்கும் தமிழ்–தக்கினிக் கலப்புக்கும் எல்லோரும் ஏற்ற சோதனைத் தொகுப்பு இல்லாத இடத்தில், தீர்ந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு நிறுவுவது? அளக்கப்படாத திறன் விளம்பரமாகலாம், அறிவியலாகாது.

மூன்றாவது மறுப்பு சந்தையினுடையது. சிறு இணைகளுக்காக யார் செலவு செய்வார் என்பது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் 8.11 கோடி, உருதுவைக் கொண்டோர் 5.08 கோடி என்பது 2011 கணக்கு. இத்தாலியன் பேசுவோரின் மொத்தத் தொகையைவிட தெலுங்கரின் தொகை பெரிது. இத்தாலியன்–ஜப்பானிய இணைக்கு 2018இலேயே இடம் கிடைத்தது. தொகை சிறிது என்பது காரணமாயின் அந்த இணை எப்படி முந்தியது? வாங்கும் ஆற்றல்தான் காரணம் எனில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பன்மொழிச் சமூகம் என்ற பெயரில் அதை மறைக்கலாகாது.

ஐதராபாத்தின் வரலாற்றிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1917இல் மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றை நிறுவி, 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்து, உயர்கல்வியை ஓர் இந்திய மொழியில் கற்பிக்கத் துணிந்த நகரம் அது. அத்துணிவு போற்றத்தக்கது. ஆனால் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்த அரசில் உருது ஒன்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1948க்குப் பின் அவ்விடத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. பல மொழிகள் வாழும் ஊரில் ஒன்றை மட்டும் அரியணையில் ஏற்றினால், மற்றவற்றின் மனக்குறையே அதைக் கீழே இறக்கும். காலியான அரியணைக்கு ஆங்கிலம் வந்து சேரும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஐதராபாத்தில் உருதுவுக்கும் தெலுங்குக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மொழித் தொழில்நுட்பத்துக்கு ஐஐஐடியில் ஆய்வு மையம் இருக்கிறது. இவை ஒன்றாக அமர்ந்து தெலுங்கு–உருது கலந்த இயல்புப் பேச்சில் 100 மணி நேரச் சோதனைத் தொகுப்பொன்றைத் திரட்டினால், உலகின் எந்த நிறுவனமும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுத் தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் ஆம்பூரிலும் ஓசூரிலும் அதையே செய்யலாம். பேச்சைத் தந்தவருக்குக் கூலியும், அது எதற்குப் பயன்படுகிறது என்ற விளக்கமும் தரப்பட வேண்டும். மூலப்படியில் ஒவ்வொரு கலப்புச் சொல்லும் இரண்டு எழுத்திலும் பதிவாக வேண்டும். இத்தனை மொழிகளில் இயங்குகிறது என்று கூறும் ஆய்வுக்கட்டுரையிடம், எந்தெந்த இணைகளில், அவற்றுள் ஆங்கிலம் இல்லாதவை எத்தனை என்று மதிப்பாய்வாளர் கேட்க வேண்டும். ஆய்வேடு எழுதும் மாணவர் அக்கேள்வியைத் தம் முதல் இயலிலேயே தாமாகக் கேட்டுக்கொண்டால் இன்னும் நன்று.

தெலுங்கும் உருதுவும் பேசும் ஒருவரிடம், உன் மொழி எது, ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும் திரை, அவர் வாழ்வில் ஒருபோதும் எழாத கேள்வியை எழுப்புகிறது. அவர் விடை சொல்லத் தெரியாமல் நிற்கவில்லை. கேள்விதான் தவறானது.